இடது கையால் ஒரு டம்ளர்

நேற்று சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ் வருவதாகத் தெரியவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குள் ஒதுங்கினேன். பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பையன், நைட் ஷிஃப்ட் முடித்த கண்களோடு நின்றிருந்தான். டீயை இடது கையால் வாங்கினான். பன்னையும் அதே கையால் வாங்கப் பார்த்து, டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினான். வலது கை பேண்ட் பைக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுத்தால் ஒரு நொடியில் தீர்ந்துபோகிற சங்கடம். அவன் எடுக்கவில்லை.

பார்க்கக் கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பினேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“பிரஸ்ஸா தம்பி?”

“இன்னா ஆயா?”

“கை. பிரஸ் மெஷின்ல மாட்டிச்சா?”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “ஒனக்கு எப்டி ஆயா தெரியும்?”

“என் வூட்டுக்காரருக்கும் அப்டித்தான் ஆச்சு. டீய இங்க குடு. நான் புடிச்சிக்கறேன், நீ பன்ன நனைச்சி சாப்புடு.”

கொடுத்தான். நான் பிடித்துக்கொள்ள, பன்னை வாங்கி டீயில் நனைத்து நனைத்துக் கடித்துத் தின்றான். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். ஆயா என்று கூப்பிட்டது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. இந்த நரைத்த முடியைப் பார்த்து வேறு எப்படித்தான் கூப்பிடுவான்? நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கடுப்பேற்றியிருப்பீர்கள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததும் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன். வழி முழுக்கப் பேசினேன். அதில் பாதியையாவது எழுதி வைப்போம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி இருந்ததே இல்லை. கடிதத்துக்கு நம் நடுவில் என்ன வேலை இருந்தது?

தொண்ணூற்றொன்று. அந்த வருஷம் மே மாதம் நம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நாட்டுக்கே தெரியும்; அதை நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் கை போனது அதற்குப் பிறகு, ஆனி மாதக் கடைசியில். சென்னை ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தாலும் “எந்த ஊரு?” என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த ராத்திரி நீ எங்கே இருந்தாய், சத்தம் கேட்டதா, என்ன பார்த்தாய். நாம் அன்றைக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம். ஆனாலும் நீங்கள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். கையைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்தது உங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். வலது கையில் மூன்றும் அடியோடு போய்விட்டன. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். நீங்கள் ஒரு தகடு கம்பெனியில் டை செட்டர். தகட்டை வெட்டி வளைக்கிற அச்சை பிரஸ் மெஷினில் பொருத்தி, முதல் பீஸ் சரியாக வருகிறதா என்று பார்க்கிற வேலை. அன்று என்ன நடந்தது என்று நானும் கேட்டேன், என் அப்பாவும் கேட்டார். “மாட்டிகிச்சி” என்பதற்கு மேல் கடைசிவரை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் வலது கை மேல் எப்போதும் ஒரு துண்டு கிடந்தது. புண் ஆறியும் அது கிடந்தது. தூங்கும்போதுகூட விலகாது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவீர்கள். நம் பக்கத்தில் இடது கையால் ஒரு பொருளை நீட்டினாலே முகம் சுளிப்பார்கள். அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து தின்பதை நான் பார்ப்பது உங்களுக்கு ஆகவில்லை. நான் ஊட்டிவிடுகிறேன் என்றதற்கு நீங்கள் பார்த்த பார்வையில் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தட்டில் போட்டு வைத்துவிட்டு நான் வெளியே போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவீர்கள். நான் வெளியே நின்று தட்டு தரையில் நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் சீக்கிரம் நின்றுவிட்டால் அன்றைக்குப் பாதிச் சோறு மிச்சம் என்று அர்த்தம்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாயாடி என்று பெயர் வாங்கி வந்தவள், அந்த நாட்களில் என்ன பேசுவது என்றே தெரியாமல் இருந்தேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், ஆனால் இந்த வீட்டில் இல்லை. அப்படித்தான் இருந்தது. பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா, இடது கையால் தினமும் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார். நான் போய் ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன். “ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாரி அ ஆ எழுத சொல்றியா?” என்று அதைத் தள்ளிவிட்டீர்கள். சிலேட்டு அப்படியே சுவரோரம் நின்றது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சூப்பர்வைசர் வந்தார். நீங்கள் பின்கட்டுக்கு ஓடுவதற்குள் அவர் உள்ளேயே வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“இனிமே ஒன்ன பிரஸ் பக்கம் வுட மாட்டாங்க தம்பி. அத மறந்துடு. இன்ஸ்பெக்‌ஷன்ல ஒரு ஆளு வேணும். பீஸ் ரிஜெக்ட் ஆச்சின்னா அத பாத்து அப்டியே கையால வரையணும். எங்க விரிசல், எங்க மடிப்புன்னு அதுல காட்டணும். அதான் வேல. ஆயுத பூஜ முடிஞ்சி வா. ஒரு பீஸு குடுப்பேன். கம்பெனி பெரியவர் முன்னாடி உக்காந்து வரைஞ்சி காட்டிட்டேன்னா மேற்கொண்டு நான் பேசிக்கறேன்.”

நீங்கள் துண்டை இழுத்து விட்டுக்கொண்டீர்கள். நான்தான் கேட்டேன். “வரையலன்னா?”

“வரையலன்னா கணக்க முடிச்சி அனுப்பிடுவாங்கம்மா. அப்றம் வூட்டோட இருக்க வேண்டிதான்.”

வீட்டோடு என்று அவர் சொன்னபோது நான் உங்கள் துண்டைப் பார்த்தேன். வேலை போனால் வேறு ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம். நிலம் கொஞ்சம் இருந்தது, நானும் வேலைக்குப் போகத் தயார். ஆனால் வீட்டோடு உட்கார்ந்தால் நீங்கள் அந்தக் கதவைத் திறக்கவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கம்பெனியில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய டிராயிங் தாள்களை ஒரு கட்டாக வைத்துவிட்டுப் போனார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த நகல் தாள்களின் அம்மோனியா வாடை வீடு முழுக்க அடித்தது.

மறுநாள் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கழுவித் துடைத்து உங்கள் முன்னால் பலகையில் வைத்தேன். “இத போடுங்க” என்றேன்.

கம்பெனி டிராயிங்கை நீங்கள் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பீர்கள். ஸ்கேலும் காம்பஸும் கொடுத்தால் வலது கை இருந்த காலத்தில் அச்சடித்த மாதிரி கோடு போடுவீர்கள். ஆனால் எதிரே இருக்கிற ஒன்றைச் சும்மா பார்த்து வரைந்ததே இல்லை, எந்தக் கையாலும். பென்சிலை இடது கையில் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தீர்கள். கோடு எறும்பு ஊர்ந்த மாதிரி போயிற்று. அழுத்தியதில் தாள் கிழிந்தது. பென்சிலை விட்டெறிந்தீர்கள், அது உருண்டு அரிசி மூட்டைக்கு அடியில் போய்விட்டது.

குனிந்து எடுத்து வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்தேன். என் இடது கையில் பிடித்தேன். “நானும் இந்தக் கையாலயே போடறேன். யாருது நல்லா கீதுன்னு பாக்கலாம். தோத்தவங்க டீ போடணும்.”

“ஒனக்கு இன்னா வந்துச்சி? ஒனக்கு சோத்துக் கை நல்லாத்தான கீது.”

“எனக்கு அதால போட்டாலும் வராது. அப்றம் எதால போட்டா இன்னா?”

என் டம்ளர் கத்தரிக்காய் மாதிரி வந்தது. கத்தரிக்காய்க்காவது ஒரு காம்பு இருக்கும். நீங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல தண்ணி புடிச்சா தெரு வரைக்கும் ஓடும்மே” என்று சிரித்தீர்கள். ஆனி மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். டீயை நானே போட்டேன். சந்தோஷத்தில் சர்க்கரை அதிகமாகிவிட்டது.

அதன்பிறகு தினமும் மத்தியானம் ஒரு பொருள். நாம் இரண்டு பேரும் டம்ளரின் வாயை வட்டமாகவே போட்டோம். வாய் வட்டம்தானே, அதிலென்ன சந்தேகம்? ஆனால் எப்படிப் போட்டாலும் டம்ளர் முன்னால் கவிழ்கிற மாதிரியே இருந்தது. ஒரு நாள் பாத்திரம் விளக்கும்போது டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். வாயைக் காணோம்! வெறும் ஒரு கோடு. கொஞ்சம் தாழ்த்தினால் முட்டை மாதிரி நீண்டு தெரிந்தது. தரையில் வைத்து எழுந்து நின்று பார்த்தால் வட்டம். சாம்பல் கையோடு ஓடி வந்து உங்கள் மூக்குக்கு முன்னால் டம்ளரை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன். “அட!” என்றீர்கள். இத்தனை வருஷம் தண்ணீர் குடித்த டம்ளரை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அப்புறம் பூட்டு, செங்கல், தேங்காய் மூடி, அரிவாள்மனை, மண்ணெண்ணெய் ஸ்டவ். பொருள் சாதுவாகத் தெரியும், உட்கார்ந்தால்தான் அதன் வேலை தெரியும். டிபன் கேரியர் நம்மை நான்கு நாள் படுத்தி எடுத்தது. அடுக்கடுக்காக நான்கு வாய், ஒவ்வொன்றும் வேறு அகலத்தில் நீண்டது. உங்கள் செருப்பை ஒரு நாள் கொண்டுவந்து வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். வாசலிலேயே கிடந்து தூசி படிந்திருந்தது. நீங்கள் அதையும் வரைந்தீர்கள். வார், ஆணி, தேய்ந்த குதிகால், எல்லாம் வந்தது. முடித்துவிட்டு, “எவ்ளோ தேஞ்சி கீது பாரு, நான் ஒரு பக்கமா அழுத்தி நடக்கறேன் போல” என்றீர்கள். என் உள்நோக்கம் உங்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

கோடு மெல்லத் தேறியது. எழுதிப் பழகச் சொன்ன அம்மா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் ஒரு வம்பு கூடவே வளர்ந்தது. நீங்கள் எதைப் போட்டாலும் அதற்குள் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“அது இன்னா புள்ளி புள்ளியா?”

“பின்னாடி கீற வெளிம்பு. மறைஞ்சி கீறத புள்ளிக்கோட்டுல காட்டணும்.”

“அதான் கண்ணுக்குத் தெரியலயே.”

“தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா? டிராயிங்னா உள்ள கீறது, பின்னாடி கீறது எல்லாத்தையும் காட்டணும்மே. காட்டலன்னா செய்யறவன் எப்டி செய்வான்?”

ஃபிட்டராகப் படித்தவனுக்கு அதுதான் பாடம். டம்ளரின் அடி, பூட்டுக்குள் இருக்கிற கொண்டி, கேரியருக்குப் பின்னால் போகிற கம்பி, தேங்காய் மூடிக்கு அடியில் இருக்கிற கண், ஒன்றையும் நீங்கள் விடவில்லை. கம்பெனி டிராயிங்கில் அது சரி. பார்த்து வரைகிற படத்தில் அது குப்பை. புரட்டாசியில் சூப்பர்வைசர் மறுபடி வந்தபோது தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

“கை வந்துடுச்சி தம்பி. ஆனா இத ஆபீஸுக்கு அனுப்பினா எது விரிசல், எது ஒன் புள்ளிக்கோடுன்னு அவங்க எப்டி கண்டுபுடிப்பாங்க? இன்ஸ்பெக்‌ஷன்ல இது ஆவாது. கண்ணுக்குத் தெரியறத மட்டும் போடு. பெரியவர் முன்னாடி புள்ளி வச்சே, வேல போச்சி.”

நீங்கள் தலையாட்டினீர்கள். அன்று மத்தியானமே பக்கெட்டை வரைந்தபோது புள்ளி வந்தது. அழித்தீர்கள். மறுநாள் முறத்துக்கும் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். கை தானாகப் போயிற்று. ஒரு நாள் நீங்களே சொன்னீர்கள், ரொம்பத் தணிந்த குரலில். “இல்லாத வெரலு அரிக்குதுமே. சொரியலாம்னு போனா அங்க ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும் அது அங்கதான் கீது.”

நான் துண்டின் மேலாகத் தடவிக் கொடுத்தேன். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. ஒரு நாள் குடத்தை வைத்தேன். அழகாக வந்துகொண்டிருந்தது. கழுத்து, தோள், வயிறு எல்லாம் ஒரே இழுப்பில். நான் என் தாளை ஓரமாக வைத்துவிட்டு உங்களுடையதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பென்சில் குடத்துக்குள் நுழைந்து புள்ளி வைக்க ஆரம்பித்தது. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

“யோவ், இல்லாததையே புடிச்சிகினு இருந்தா இருக்கறத எப்பய்யா பாக்கப் போற?”

பென்சில் நின்றுவிட்டது. நான் குடத்தைப் பற்றித்தான் சொன்னேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது குடத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. நீங்கள் எழுந்து போய் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அன்று தட்டு நகரவே இல்லை. நானும் சாப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் நான் உங்களைப் பார்த்துச் சொன்ன எத்தனையோ சுடுசொல்லுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். இந்த ஒன்றுக்காக மட்டும் வருத்தப்பட்டதில்லை.

மறுநாள் மழை. கரண்ட் இல்லை. நான் எதையும் எடுத்து வைக்கவில்லை. இனி வைத்து என்ன பயன் என்றிருந்தது. நீங்களாகவே பலகையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனீர்கள். தாளை வைத்தீர்கள். பிறகு துண்டை எடுத்தீர்கள். மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வலது கையைப் பலகையின் மேல், டம்ளரை வைக்கிற இடத்தில் வைத்தீர்கள்.

“இன்னிக்கி இது” என்றீர்கள்.

நான் அதுவரை அதை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கட்டுப் பிரித்தபோதெல்லாம் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டீர்கள். பயப்படும்படியாக ஒன்றுமில்லை. தையல் போட்ட இடம் சாக்குப் பையின் வாயைச் சுருக்கிக் கட்டிய மாதிரி இருந்தது. தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று. கட்டை விரல் பழையபடியே, நகத்தில் பழைய கறுப்போடு. சுண்டு விரல் மட்டும் தனியாக, யாரும் துணைக்கு இல்லாமல் நின்றது.

கையைப் பார்த்தீர்கள், தாளைப் பார்த்தீர்கள். மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தீர்கள். நரம்பு ஒன்று புடைத்திருந்ததை விடவில்லை. கட்டை விரல் முடிந்தது. கோடு மெதுவாக ஏறி, ஆள்காட்டி விரல் இருந்த முட்டிக்கு வந்து நின்றது. பென்சில் தாளை விட்டு எழும்பியது. புள்ளி வைக்கப் போகிறீர்கள் என்றே நினைத்தேன். வைத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல எனக்கு மனசு இருந்திருக்காது. பென்சில் கீழே இறங்கியது. அந்த முட்டியின் வளைவைப் போட்டு, தையலின் சுருக்கத்தைப் போட்டு, அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று மூன்றையும் மூடிவிட்டு, நேராகச் சுண்டு விரலுக்குப் போயிற்று. மேலே வெறும் தாள். எந்தப் புள்ளியும் இல்லை.

“எப்டி கீது?”

“ஒங்க கை மாரி கீது” என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“அழுவாத. நீயும் போடு.”

“நானா?”

“டம்ளரு போட்டே, செருப்பு போட்டே. இதையும் போடு. பாத்து போடு.”

நீங்கள் கையை எடுக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து இடது கையால் போட்டேன். வரவில்லை. மறுபடி போட்டேன். பிறகு வலது கையால் போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் பார்ப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வலிக்கிறதா, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, “நீ முடி” என்றீர்கள். வெளிச்சம் மங்குவதற்குள் முடித்தேன். சாயங்காலம் தட்டைப் போட்டுவிட்டு வழக்கம்போல வெளியே போக எழுந்தேன். “எங்க போற? ஒக்காரு. கொழம்ப ஊத்து” என்றீர்கள். இடது கையால் பிசைந்து, என் எதிரிலேயே, சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டீர்கள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் உங்களோடு கம்பெனி வாசல்வரை வந்தேன். கேட்டில் கட்டிய வாழை மரம் இன்னும் வாடவில்லை. நீங்கள் உள்ளே போனதும் வேப்ப மரத்தடியில் நின்றேன். எனக்குத் தெரிந்த சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். நீங்கள் வெளியே வந்தபோது முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் சொன்னீர்கள்.

“மடிச்ச தகடு ஒண்ணு குடுத்தாங்க. வரையவே இல்ல, ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தேன். பெரியவரு, ‘இன்னாய்யா தூங்கறியா?’ன்னாரு. ‘பாக்கறேன் சார்’னேன். அப்றம் போட்டேன்.”

“புள்ளி?”

“ம்ஹூம்.”

“வேல?”

“திங்கக்கெழமையிலேருந்து வர சொல்லிட்டாங்க.”

எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். ஷிஃப்ட் விடுகிற நேரம், தெரிந்த முகங்கள் நிறைய. கண்ணாடி டம்ளரை இடது கையால் வாங்கி, வலது கையின் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் மாற்றிப் பிடித்தீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். “நல்லா பாத்துக்கோங்கடா” என்று சிரித்துவிட்டுக் குடித்தீர்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இந்தச் சாலை எவ்வளவோ மாறிப்போயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்தது, ஒரகடம் பக்கம் வயலெல்லாம் மதில் சுவராயிற்று. நீங்கள் ரிட்டயர் ஆகும்வரை அதே இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இருந்தீர்கள். புதிதாக வருகிற பையன்களிடம் ஒன்றையே சொல்வீர்களாம்: “மொதல்ல பாரு. அப்றம் சொல்லு.” வீட்டில் எனக்கும் அதைத்தான் சொல்வீர்கள், நான் யாரையாவது ஏச வாயைத் திறக்கும்போதெல்லாம். அங்கன்வாடி வேலைக்குப் போன பிறகு நானும் பிள்ளைகளுக்கு டம்ளரும் செருப்பும் வரையச் சொல்லிக்கொடுத்தேன், சோத்துக் கையால்தான். நம் அந்தப் பழைய தாள்களில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. ஒரு மழைக்காலத்தில் விறகு நனைந்துபோக, அடுப்புப் பற்றவைக்க நானே கிழித்துக் கிழித்துப் போட்டேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்தீர்கள்.

போன வருஷம் பங்குனியில், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்கு இன்னும் எனக்கு உங்கள் மேல் கோபம் ஆறவில்லை. அதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்கிறேன்.

வீடு கொள்ளாத கூட்டம். ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னால் உங்களைக் கிடத்திக் குளிப்பாட்டி, மாலை போட்டார்கள். போட்டோ எடுக்க ஆள் வந்தான். உங்கள் தம்பி குனிந்து மாலையை இழுத்து வலது கையை மூடினார். அவருக்கு உங்கள் மேல் உயிர். உங்களைக் குறையில்லாமல் காட்ட வேண்டும் என்று நினைத்தார். நம் பெண்ணும் “ஆமா சித்தப்பா, மூடிடுங்க” என்றாள்.

நான் எழுந்து போய் மாலையை விலக்கினேன்.

“அண்ணி, போட்டோல தெரியும்” என்றார்.

“தெரியட்டும்” என்றேன்.

இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்தேன். கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டத் துணிக்கிழிசலோடு ஒருவர் வந்தார். அதையும் அவரிடமிருந்து வாங்கி நானே கட்டினேன். பெண்பிள்ளை செய்கிற வேலையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கட்டி முடித்துவிட்டு, கூட்டம் காத்திருக்க, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோவைப் பார்த்தால்தான் உங்கள் முகமே இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் வருகிறது. வயசாகிறது, என்ன செய்ய. ஆனால் அந்தக் கையை மட்டும் எதையும் பார்க்காமல், எந்தக் கையாலும், என்னால் வரைந்துவிட முடியும்.